ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ் (1963): பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1963இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ பற்றி இன்றும் இரண்டு வகைக் கருத்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு ஏழு எலும்புக்கூடுகளோடு நடக்கும் வாள்சண்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அண்மையில் முதன்முறையாகப் பார்த்தவர்களோ, மெதுவாகப் போகிறது, நாயகனுக்கு நடிக்க வரவில்லை, பூதங்கள் வெட்டி வெட்டி அசைகின்றன, கதை பாதியில் நிற்கிறது என்கிறார்கள். இந்தக் குறைகளில் சில உண்மையானவை. மற்றவை படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியும்போது வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். முடிவு உட்படக் கதை முழுவதும் கீழே பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை என்ன, சுருக்கமாக?

தெசலி நாட்டு அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான் பீலியாஸ். ஒற்றைச் செருப்போடு வருபவனால் அவனுக்கு அழிவு என்பது குறி. இருபது ஆண்டுகள் கழித்து, செத்துப்போன அரசனின் மகன் ஜேசன், ஆற்றில் தத்தளிக்கும் ஒருவரைக் காப்பாற்றும்போது ஒரு செருப்பை இழக்கிறான். காப்பாற்றப்பட்டவனே பீலியாஸ். உலகின் விளிம்பில் உள்ள கொல்கிஸ் நாட்டிலிருந்து தங்க ஆட்டுத்தோலைக் கொண்டுவரும்படி ஜேசனை அவன் தூண்டிவிடுகிறான். ஆர்கோ என்ற கப்பல், அதில் ஹெர்குலிஸ் முதலான வீரர்கள், மேலே ஒலிம்பஸில் பலகை விரித்துக் காய் நகர்த்துவதுபோல் மனிதர்களை நகர்த்தும் தேவர்களின் அரசன் சூஸ், அவர் மனைவி ஹீரா. ஜேசனுக்கு ஐந்து முறை மட்டும் உதவலாம் என்பது ஹீராவுக்கு விதிக்கப்பட்ட வரம்பு.

இயக்கம் டான் சாஃபி, தயாரிப்பு சார்லஸ் ஷ்னீர், திரைக்கதை ஜான் ரீட், பெவர்லி கிராஸ். ஓடும் நேரம் 104 நிமிடம். ஆனால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ரே ஹாரிஹவுசன். உயிரினங்களை அசைத்தவர் அவர்தான். பெரும்பாலும் தனி ஆளாக.

இதுவும் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் மாதிரியான இத்தாலியப் படமா?

இல்லை. அந்த வரிசை 1958இல் பியெத்ரோ பிரான்சிஸ்கி இயக்கிய ஹெர்குலிஸ் படத்தோடு சூடுபிடித்தது. அதன் கதையும் தங்க ஆட்டுத்தோல் பயணத்தையே தொட்டுச் செல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே நாயகனின் உடற்கட்டுதான் காட்சிப்பொருள்: தூணைச் சாய்ப்பான், சங்கிலியை அறுப்பான், சிங்கத்தோடு மல்லுக்கட்டுவான். ஜேசன் படத்தில் மனித உடல் சாதாரணமானது. எதிரே வருபவைதான் அசாதாரணமானவை. இங்கே வரும் ஹெர்குலிஸ்கூட (நைஜல் கிரீன்) எண்ணெய் தடவிய பயில்வான் அல்ல. நடுவயதைத் தொட்ட, வாய் நிறையப் பேசுகிற, கொஞ்சம் அவசரக்கார மனிதர். படத்தில் வரும் மனிதர்களில் மிகச் சிறந்த நடிப்பு அவருடையதுதான் என்பது எங்கள் கருத்து.

இத்தாலியில் படமாக்கியதால் வெளிப்புறத் தோற்றம் ஒன்றுபோல் இருக்கும். தென் இத்தாலியின் பலினூரோ கடற்கரையும் பேஸ்டம் நகரத்துக் கிரேக்கக் கோயில்களும்தான் படத்தில் நாம் பார்க்கும் கிரேக்கம்.

முதல் அரை மணி நேரம் நகரவே மாட்டேன் என்கிறதே?

நியாயமான புகார். பீலியாஸின் படையெடுப்பு, ஜேசனின் அறிமுகம், ஒலிம்பஸில் உரையாடல், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி என்று கப்பல் புறப்படும்வரை பெரிய உயிரினம் எதுவும் வருவதில்லை. அரண்மனைக் காட்சிகளில் கேமரா ஓரிடத்தில் நின்றுகொண்டு ஆட்களைப் பேசவிடுகிறது.

ஆனால் அந்தப் பகுதியில் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். தொலைவில் உள்ள பாறையை வட்டெறிந்து தொட வேண்டும். ஹெர்குலிஸ் தன் பலத்தால் எறிகிறார். மெலிந்த உடம்புக்காரன் ஹைலஸ் வட்டைத் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகவிட்டு இலக்கைத் தாண்டிவிடுகிறான். இருவருக்கும் நட்பு பிறப்பது அங்கேதான். பின்னால் ஒரு தீவில் டலோஸ் என்ற ராட்சத வெண்கலச் சிலை விழும்போது ஹைலஸ் நசுங்கிச் சாவதும், அவனைத் தேடி ஹெர்குலிஸ் தீவிலேயே தங்கிவிடுவதும் உறைப்பது அந்தச் சில நிமிடங்களால்தான்.

ஜேசனாக நடித்தவரின் குரல் உதட்டோடு ஒட்டவில்லையே?

ஒட்டாது, ஏனென்றால் அது அவருடைய குரல் இல்லை. டாட் ஆம்ஸ்ட்ராங் அமெரிக்கர். நாயகி மீடியாவாக வரும் நான்சி கோவாக்கும் அமெரிக்கர். மற்ற முக்கிய நடிகர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் மேடை அனுபவம் உள்ளவர்கள். உச்சரிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் ஆம்ஸ்ட்ராங்குக்கு டிம் டர்னரும் கோவாக்குக்கு ஈவா ஹாடனும் குரல் கொடுத்தார்கள்.

நடிப்பு மரத்தனமாகத் தெரிவதில் இந்த டப்பிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. முகம் ஒரு அளவில் உணர்ச்சி காட்டும், குரல் இன்னொரு அளவில் அமைதியாக இருக்கும். பார்ப்பவர் மனம் இரண்டையும் சேர்க்க முடியாமல் நடிகரைக் குறை சொல்லும். ஆம்ஸ்ட்ராங் பெரிய நடிகர் என்று நாங்கள் வாதிட வரவில்லை. ஆனால் எலும்புக்கூடு காட்சியில் எதிரே யாருமே இல்லாத வெற்றிடத்தோடு அவர் போட்ட சண்டையைப் பார்த்த பிறகு அவரை ‘மரக்கட்டை’ என்று ஒதுக்குவது அநியாயம்.

பூதங்கள் ஏன் வெட்டி வெட்டி அசைகின்றன?

சிறு பொம்மையைத் துளித் துளியாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறையின் இயல்பு அது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள். நடிகர் கையை வீசும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் ஏறத்தாழ 48இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அந்த இமைப்பொழுதிலும் கை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஃப்ரேமில் லேசான இழுப்பு பதியும். அந்த இழுப்பைக் கண் தொடர் அசைவாக எடுத்துக்கொள்கிறது. பொம்மை அப்படியல்ல. அதை ஒரு நிலையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஃப்ரேம் எடுத்து, மறுபடி துளி நகர்த்துகிறார்கள். படம் பதியும்போது பொம்மை அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் கத்திபோலக் கூர்மை. வேகமான அசைவில் இந்தக் கூர்மைதான் துடிப்பாகத் தெரிகிறது.

இது எல்லா உயிரினத்துக்கும் ஒரே அளவில் கெடுதல் செய்வதில்லை. சதையும் தோலும் உள்ள உயிருக்கு அது அந்நியமாக இருக்கும். வெண்கலச் சிலைக்கும் காய்ந்த எலும்புக்கும் அது பொருந்திப்போகிறது. படத்தில் மிக அதிகம் பாராட்டப்படும் இரண்டு காட்சிகளும் சிலையும் எலும்பும் வருபவை என்பது தற்செயல் அல்ல.

‘டைனமேஷன்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, அது என்ன?

நடிகர்களும் பொம்மையும் ஒரே ஷாட்டில் தெரிய ஹாரிஹவுசன் கையாண்ட முறைக்கு வைத்த வணிகப் பெயர். அடிப்படைப் படிகள் இவை:

1. முதலில் வெளிப்புறத்தில் நடிகர்களை மட்டும் வைத்துக் காட்சியை எடுத்துவிடுவார்கள்.
2. ஸ்டுடியோவில், ஒளி ஊடுருவும் திரையின் பின்னாலிருந்து அந்தப் படச்சுருளை ஒரு ஃப்ரேம் மட்டும் பாய்ச்சி நிறுத்துவார்கள். திரைக்கு முன்னால் மேசை, மேசைமேல் பொம்மை.
3. பொம்மைக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. தரையின் விளிம்பை ஒட்டி அதன் கீழ்ப்பகுதி கறுப்புச் சாயம் பூசப்பட்டிருக்கும். அதனால் மேசை தெரியாது; ஃபிலிமின் அந்தப் பகுதியில் ஒளி படாது.
4. ஒரு ஃப்ரேம் எடுப்பது, பொம்மையை நகர்த்துவது, பின்னால் உள்ள சுருளை ஒரு ஃப்ரேம் முன்னேற்றுவது. ஷாட் முடியும்வரை இதேதான்.
5. கேமராவில் உள்ள ஃபிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, பொம்மையை எடுத்துவிட்டு, இப்போது மேல்பகுதி கறுப்பாக உள்ள கண்ணாடியை வைப்பார்கள். விடுபட்ட கீழ்ப்பகுதி மட்டும் அதே ஃபிலிமில் இரண்டாம் முறையாகப் பதியும்.

விளைவு, பொம்மைக்குப் பின்னாலும் நிஜ உலகம், முன்னாலும் நிஜ உலகம். நடுவில் அது நிற்கிறது.

தவறு நடக்கும் இடங்கள் ஏராளம். இரண்டு முறை விழுந்த ஒளியின் அளவு ஒத்துப்போகாவிட்டால் தரையில் ஒரு கோடு தெரியும். பொம்மைமேல் விழும் விளக்கு வெளிப்புறச் சூரியனின் திசையோடு சேராவிட்டால் ஒட்டவைத்த படம்போல் இருக்கும். கேமராவை முழங்கை இடித்தாலோ, எந்த மூட்டு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பது மறந்தாலோ ஷாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அசைவின் அளவைக் குறித்துக்கொள்ள, பட்டறைகளில் பயன்படும் நுனிமுள் அளவுகோலைப் பொம்மைக்கு அருகே ஹாரிஹவுசன் வைத்துக்கொள்வார்.

பூதம் வரும் ஷாட்டுகளில் மட்டும் படம் மங்கி, பொரிபொரியாகத் தெரிகிறது. பிரதி கெட்டுவிட்டதா?

பிரதியில் பழுதில்லை. மேலே சொன்ன முறையில், பின்னணி ஏற்கெனவே ஒருமுறை படமாக்கப்பட்டது. அதைத் திரையில் பாய்ச்சி இரண்டாம் முறை படமெடுக்கிறார்கள். ஃபிலிமின் துகள் இரட்டிப்பாகும், நிறம் வெளிறும், நிழல் கறுத்துப்போகும். பழகிய பார்வையாளர்கள் நிறம் மாறிய உடனே ‘ஏதோ வரப்போகிறது’ என்று கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். நல்ல பிளூ-ரேயில் இந்த வேறுபாடு கூடுதலாகவே தெரியும். பழைய விஎச்எஸ் நாடாவில் எல்லாமே மங்கல் என்பதால் தெரியவில்லை.

டலோஸ் காட்சியை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

கருவூலத்துக்குள் நுழைந்த ஹெர்குலிஸ் ஈட்டியாகப் பயன்படும் என்று ஒரு பெரிய ஊசியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். மேலே பீடத்தில் முழந்தாளிட்டிருக்கும் வெண்கலச் சிலை தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அவ்வளவுதான். சண்டை இல்லை, பாய்ச்சல் இல்லை. உலோகம் உராயும் ஓசையோடு ஒரு கழுத்து திரும்புகிறது. அதுவரை நிலமாகவும் சிலையாகவும் இருந்த ஒன்று உயிருள்ளதாக மாறும் அந்த நொடியை இந்த வகைப் படங்களில் வேறு யாரும் இவ்வளவு அடக்கமாகச் செய்யவில்லை.

ஹாரிஹவுசன் வழக்கமாக அசைவை இயன்றவரை வழுவழுப்பாக்கப் பாடுபடுபவர். டலோஸுக்கு மட்டும் வேண்டுமென்றே விறைப்பாக அசைத்தார். வெண்கலம் வளையாது அல்லவா? பார்வையாளர்களில் சிலர் இதைத் தொழில்நுட்பக் குறை என்று எழுதுகிறார்கள். ஹார்பிகள் என்ற பறக்கும் பேய்களின் பறத்தலையும் ஹைட்ரா என்ற ஏழு தலைப் பாம்பின் கழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் அவரால் வழுவழுப்பாகவும் அசைக்க முடியும் என்பது தெரியும்.

துறைமுகத்தின் வாயிலில் இரு பக்கமும் கால் வைத்து நின்று ஆர்கோவை மறிக்கும் தோற்றம், ரோட்ஸ் தீவின் பேருருவச் சிலையைப் பற்றி வழங்கிவரும் கற்பனைச் சித்திரத்திலிருந்து எடுத்தது. சாகும் காட்சியையும் கவனியுங்கள். குதிகால் மூடியை ஜேசன் திருகித் திறந்ததும் உள்ளே இருந்த திரவம் கொட்டுகிறது. டலோஸ் மூச்சு முட்டியவன்போல் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான், உடலில் விரிசல் ஓடுகிறது, பிறகு சாய்கிறான். முகத்தில் அசையும் தசை ஒன்றுகூட இல்லாத ஒரு பொம்மைக்காக நாம் இரக்கப்படுகிறோம்.

டலோஸின் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறதே?

ஆம், மாறுகிறது. கப்பலைக் கையில் தூக்கும்போது ஒரு அளவு, கடற்கரையில் ஆட்களைத் துரத்தும்போது இன்னொரு அளவு. திரைச் சட்டத்துக்குள் எது அழுத்தமாக இருக்குமோ அதற்கேற்ப உயரத்தை வைத்துக்கொண்டார்கள். இதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ தேவையில்லை.

எலும்புக்கூடு சண்டையை எப்படி எடுத்தார்கள்?

நடிகர்கள் மூவர்: ஜேசன், ஃபலேரஸ், காஸ்டர். எலும்புக்கூடுகள் ஏழு. திரையில் சில நிமிடங்களே ஓடும் இந்தச் சண்டைக்கு அனிமேஷன் வேலை மட்டும் நாலரை மாதம் பிடித்தது.

முதலில் சண்டைப் பயிற்சியாளரை வைத்து முழுச் சண்டையையும் எண்ணிக்கை வைத்து அமைத்தார்கள். எலும்புக்கூடுகளுக்குப் பதிலாக ஸ்டண்ட் ஆட்கள் நின்று நடிகர்களோடு பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். எந்த எண்ணில் வெட்டு, எந்த எண்ணில் தடுப்பு என்பது உடம்பில் ஊறிய பிறகு, ஸ்டண்ட் ஆட்களை விலக்கிவிட்டு நடிகர்கள் மட்டும் அதே சண்டையை வெறுங்காற்றோடு போட்டார்கள். இங்கேதான் கடினம். எதிராளியின் வாளில் மோதியதுபோல் தன் வாள் நடுக்காற்றில் சடக்கென்று நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தாண்டிப் போனாலும் மோதலுக்கு எடை இல்லாமல் போய்விடும். பார்வையும் சரியான உயரத்தில், இல்லாத ஒரு மண்டையோட்டின் மேல் இருக்க வேண்டும்.

பிறகு ஸ்டுடியோ வேலை. பொம்மைகளுக்குள் பந்துக்கிண்ண மூட்டுகள் கொண்ட உலோகச் சட்டகம்; அதன்மேல் லேடெக்ஸில் தோய்த்த பஞ்சைச் சுற்றி எலும்பின் வடிவம் கொடுக்கப்பட்டது. ஹாரிஹவுசனின் பொம்மைகளுக்குச் சட்டகங்களைக் கடைந்து கொடுத்தவர் அவருடைய தந்தை ஃபிரெட். ஏழில் ஒன்று, 1958இல் வந்த சிந்துபாத் படத்தில் நடித்த அதே எலும்புக்கூடு.

கணக்குப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தலை, இரு கை, இரு கால் என ஐந்து உறுப்பு. ஏழும் சட்டத்துக்குள் இருக்கும் ஷாட்டில் ஒரு ஃப்ரேமுக்கு 35 நகர்த்தல். ஒரு நொடிக்கு 840. அத்தனையும் பின்னால் திரையில் ஓடும் நடிகரின் வாளோடு சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு எலும்புக்கூட்டின் கேடயம் ஒரு ஃப்ரேம் தாமதமாக உயர்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

உழைப்பின் அளவுக்காக மட்டும் இந்தக் காட்சியைக் கொண்டாட வேண்டியதில்லை. அது இயக்கப்பட்ட விதமே தனி அழகு. மண்ணைப் பிளந்துகொண்டு எழுகின்றன. உடனே பாய்வதில்லை. வரிசையாக நின்று, உடலைத் தாழ்த்தி, பூனை நடைபோல அடியெடுத்து வைக்கின்றன. பிறகு ஒரு அலறல், ஓட்டம். அந்தத் தாமதம்தான் பயத்தை ஏற்றுகிறது. சண்டையின் உள்ளேயும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் கொடுத்திருக்கிறார்: ஒன்று ஒதுங்கி நின்று வாய்ப்புப் பார்க்கும், ஒன்று முண்டியடிக்கும்.

எலும்புக்கூடுகளுக்குப் பதில் அழுகிய பிணங்கள் எழும் என்பதுதான் முதல் திட்டமா?

அப்படி ஒரு யோசனை இருந்தது. பிரிட்டிஷ் தணிக்கையில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் கிடைத்துவிடும், சிறுவர்கள் பார்க்க முடியாமல் போகும் என்பதால் கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது.

ஹார்பிகள், மோதும் பாறைகள்: இவை ஏன் பேசப்படுவதில்லை?

பேச வேண்டியவை. பார்வையற்ற ஃபினியஸை (பேட்ரிக் ட்ரௌட்டன், பின்னாளில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் இரண்டாவது டாக்டர்) உண்ணவிடாமல் வதைக்கும் இறகு முளைத்த இரு பெண்பேய்கள்தான் ஹார்பிகள். படமாக்கியது பேஸ்டத்தின் நிஜமான கோயிலில். பறக்கும் பொம்மைக்குக் காலூன்றத் தரை கிடையாது. கம்பியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உடலையும் சிறகையும் உயரத்தையும் தனித்தனியே மாற்ற வேண்டும். கம்பி தெரியாமல் விளக்கும் அமைக்க வேண்டும். ஃபினியஸின் ஆடையை அவை பிடுங்குவது, நிஜ நடிகரின் ஆடையைக் கம்பியால் இழுத்து எடுத்த ஷாட்டோடு பொம்மையைப் பொருத்தியது. எலும்புக்கூடுகளுக்கு அடுத்தபடி தொழில்நுட்பத்தில் கடினமானது இதுதான் என்பது எங்கள் மதிப்பீடு.

மோதும் பாறைகளைத் தாங்கிப் பிடிக்கும் கடல் தேவன் ட்ரைட்டன் பொம்மையல்ல. மீன்வால் பொருத்திய மனிதர், தண்ணீர்த் தொட்டி, சிறிய ஆர்கோ. அலை கனமாகத் தெரிய, ஃபிலிம் வேகமாக ஓடும் கேமராவில் எடுத்தார்கள். ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது: எவ்வளவு சிறிய மாதிரி செய்தாலும் நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. கப்பலின் மேல் தெறிக்கும் துளிகளின் பருமனைப் பார்த்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஹைட்ரா சண்டை சப்பென்று இருக்கிறதே?

ஒத்துக்கொள்கிறோம். ஏழு தலை, ஏழு கழுத்து, இரட்டை வால் என்று அசைத்த விதம் அபாரம். ஆனால் ஜேசனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு குறைவு. நெருங்கிப் போகிறான், குத்துகிறான், முடிகிறது. டலோஸைப் போல அதற்கு ஒரு பலவீனமோ, அதைக் கண்டுபிடிக்கும் கட்டமோ இல்லை. ஹைட்ராவின் பற்களை விதைத்து எலும்புக்கூடுகளை எழுப்பக் கதைக்கு அது தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

மீடியாவை இவ்வளவு சாதாரணமாகக் காட்டலாமா?

படத்தின் மிகப் பெரிய குறை இதுவே. கிரேக்க மரபில் மீடியா சூனியம் கற்றவள்; அவள் இல்லாமல் ஜேசனால் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே தாமதமாக வருகிறாள், நடனமாடுகிறாள், காதல் கொள்கிறாள், அம்பு பட்டு விழுந்து ஆட்டுத்தோலின் சக்தியால் பிழைக்கிறாள். சொந்த நாட்டுக்குத் துரோகம் செய்ய அவள் எடுக்கும் முடிவுக்குப் படம் போதிய நேரம் கொடுக்கவில்லை.

மூலக் காவியத்திலிருந்து எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள்?

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் அப்பொல்லோனியஸ் பாடிய காவியத்தோடு ஒப்பிட்டால் மாற்றங்கள் நிறைய. அங்கே டலோஸ் கிரீட் தீவில், திரும்பும் வழியில் வருகிறான். அவனை வீழ்த்துவது மீடியாவின் மந்திரம். ஹைலஸை நீர்த்தேவதை சுனைக்குள் இழுத்துக்கொள்கிறாள். மோதும் பாறைகளின் நடுவே முதலில் புறாவை விட்டுப் பார்க்கிறார்கள். கப்பலை அதீனா தேவி தள்ளிவிடுகிறாள். ஆட்டுத்தோலைக் காப்பது உறங்காத பாம்பு. ஹைட்ரா ஹெர்குலிஸின் கதையிலிருந்து இரவல் வாங்கியது. நெருப்பு மூச்சுவிடும் காளைகளைப் பூட்டி உழும் கட்டம் படத்தில் இல்லவே இல்லை. விதைத்த பற்களிலிருந்து எழுபவர்கள் சதையுள்ள வீரர்கள். ஜேசன் ஒரு கல்லை எறிய, அவர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு சாகிறார்கள்.

மாற்றங்களில் டலோஸை முன்னால் கொண்டுவந்தது சிறந்தது. பயணத்தின் முதல் ஆபத்தே படத்தின் மிகப் பெரிய உருவமாக அமைந்துவிட்டது.

கடைசியில் பீலியாஸ் என்ன ஆனான்? படம் ஏன் அப்படியே முடிகிறது?

பீலியாஸ் தண்டிக்கப்படுவதில்லை. இரு தோழர்களும் மடிந்தபின் ஜேசன் மலைமுகட்டிலிருந்து கடலில் குதிக்கிறான், எலும்புக்கூடுகள் பின்னாலேயே விழுகின்றன, அவன் ஆர்கோவில் ஏறி மீடியாவை அணைத்துக்கொள்கிறான். மேலே சூஸ், ஜேசனோடு தன் ஆட்டம் இன்னும் முடியவில்லை, வேறொரு நாள் தொடரலாம் என்கிறார். திரை இறங்குகிறது.

ரீல் காணாமல் போய்விட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, இதுதான் முழுப்படம். பழிவாங்கும் கதையாகத் தொடங்கிவிட்டு அந்தக் கணக்கைத் தீர்க்காமல் விட்டது திரைக்கதையின் குறைதான். ஆனால் தேவர்களின் விளையாட்டுப் பலகை என்ற சட்டகத்துக்குள் வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்கு ஒரு பொருள் இருக்கிறது. மனிதனுக்கு வாழ்வா சாவா. அவர்களுக்கு ஒரு நாள் ஆட்டம். தவிர, எலும்புக்கூடு சண்டைக்குப் பிறகு அரண்மனைக்குத் திரும்பிப் பத்து நிமிடம் வசனம் பேசியிருந்தால் யாருக்கும் பிடித்திருக்காது.

இசை யாருடையது?

பெர்னார்ட் ஹெர்மன். ஹாரிஹவுசனோடு அவர் செய்த நான்கு படங்களில் இது கடைசி. வயலின் குடும்பத்துக் கருவிகளை அறவே ஒதுக்கிவிட்டு பித்தளை ஊதுகருவிகள், மரக்குழல்கள், தாளக்கருவிகள், யாழ் வகை ஹார்ப் ஆகியவற்றை வைத்து எழுதினார். வயலின் வகையின் இனிமை இல்லாததால் ஒலி கனத்தும் சொரசொரப்பாகவும் இருக்கிறது. டலோஸ் நடக்கும் இடத்தில் தாழ்ந்த சுரப் பித்தளைக் கருவிகளைக் கேளுங்கள். பொம்மையின் எடையில் பாதியைச் சுமப்பது அந்த ஒலி.

வெளியானபோது வெற்றி பெற்றதா? ஆஸ்கர் கிடைத்ததா?

அமெரிக்காவில் எதிர்பார்த்த வசூல் இல்லை. மலிவான இத்தாலியப் பயில்வான் படங்கள் குவிந்திருந்த நேரம். இதையும் அவற்றில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள் என்பதே ஹாரிஹவுசன் தரப்பின் விளக்கம். அந்த ஆண்டு சிறப்பு விளைவுகளுக்கான ஆஸ்கருக்குப் போட்டியிட்டவை ‘கிளியோபாட்ரா’, ‘தி பேர்ட்ஸ்’ ஆகிய இரண்டு மட்டுமே. விருது முதலாவதுக்குப் போனது. ஜேசன் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை. 1992இல்தான் ஹாரிஹவுசனுக்கு அகாடமியின் கார்டன் சாயர் விருது கிடைத்தது. விருதை வழங்கிய டாம் ஹாங்ஸ், எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்த படம் என்று மேடையில் குறிப்பிட்டது இந்தப் படத்தைத்தான்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

எட்டு வயதுக்கு மேல் தாராளமாக. ரத்தம் அநேகமாக இல்லை. தொடக்கத்தில் கோயிலில் ஒரு பெண் கொல்லப்படுவது, ஹைலஸின் சாவு, ஹைட்ராவின் வாலில் சுற்றிக் கிடக்கும் உடல் ஆகிய மூன்றும் சின்னவர்களுக்கு உறுத்தலாம். படம் நீளம் என்று தோன்றினால் ஹெர்குலிஸ், ஹைலஸ் போட்டியிலிருந்து தொடங்கிக் காட்டுங்கள். அதற்கு முந்திய கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? டிவியில் என்ன மாற்ற வேண்டும்?

முதலில் ஆண்டைச் சரிபாருங்கள். 2000இல் இதே பெயரில் ஒரு தொலைக்காட்சிக் குறுந்தொடர் வந்தது. இணையத்தில் தேடும்போது அது கையில் சிக்கும்.

டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வகை அமைப்பை (நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்) கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. நடிகர்கள் வழுக்கி ஓடுவார்கள். எலும்புக்கூடுகளின் விளிம்பு கொழகொழவென்று கரையும். இரைச்சல் குறைப்பு அமைப்பையும் அணையுங்கள். துகளை அழிக்கிறேன் என்று பொம்மையின் மேற்பரப்பு நுணுக்கத்தையும் அழித்துவிடும். பிளூ-ரேயில் இரு ஓரங்களிலும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தால் அது சரியான அளவு. திரையை நிரப்பும் ஜூம் போட்டால் டலோஸின் தலை வெட்டுப்படும்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் தடவை எலும்புக்கூடு காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். பொம்மையின் பாதத்துக்குச் சற்றுக் கீழே தரை விளிம்பில் கண்ணை வையுங்கள். இரண்டு பதிவுகள் சேரும் கோடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு நடிகரின் வாள் நிற்கும் ஃப்ரேமில் நிறுத்தி, எலும்புக்கூட்டின் வாளோ கேடயமோ எந்தக் கோணத்தில் அதைத் தாங்குகிறது என்று பாருங்கள்.

இதே கதையைக் கணினி வரைகலையில் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்காதா?

வழுவழுப்பாக இருக்கும், இழுப்பும் பதியும், இணைப்புக் கோடும் தெரியாது. ஆனால் மேசைமேல் நிஜமாக நின்ற ஒரு பொருளின்மீது நிஜமான விளக்கு விழுந்து பதிந்த படம் இது. ஒரு மனிதர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ‘இது இப்போது என்ன நினைக்கும், எந்தக் காலில் எடையை வைக்கும்’ என்று முடிவெடுத்தபடி நடித்திருக்கிறார். திரையில் தெரியும் துடிப்பு அந்தக் கையின் தடம். கணினியில் செய்பவர்களிலும் இப்படி யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தப் படத்தைப் பார்த்தே தொழிலுக்கு வந்தவர்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

முதலில் 1958இன் சிந்துபாத் படம், ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்’. அங்கே ஒரே ஒரு எலும்புக்கூடு ஒரே ஒரு மனிதனோடு சண்டையிடும். ஐந்து ஆண்டில் ஹாரிஹவுசன் எவ்வளவு தூரம் வந்தார் என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகு 1981இன் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’. ஹாரிஹவுசனின் கடைசி முழுநீளப் படம், திரைக்கதை மறுபடியும் பெவர்லி கிராஸ். கதைப் போக்கு சுமார்தான். ஆனால் தூண்களுக்கு நடுவே தீ வெளிச்சத்தில் மெடூசா ஊர்ந்து வரும் பகுதிக்காக அதை விட்டுவிடக் கூடாது.